எடுக்கும் அளவை நிலமே சொல்லட்டும்

2024 அக்டோபரில் இத்தாலியின் பலெர்மோ நகரில் குழாய்த் தண்ணீருக்கு முறை வைத்தார்கள். அந்த ஆண்டு மே மாதமே சிசிலித் தீவில் வறட்சி அவசரநிலையை இத்தாலிய அரசு அறிவித்திருந்தது. நகரத்துக்கு நீர் தரும் போமா, ரோசமரீனா, பியானா, ஸ்கன்சானோ நீர்த்தேக்கங்களில் நீர் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. அதே 2024-ல் யாழ்ப்பாணம் வடமராட்சி கிழக்கின் தாளையடியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீட்டர் நீர் தரும் ஆலை அது.

தொலைவில் கிடக்கும் இந்த இரண்டு ஊர்களையும் மனிதர்கள் இணைத்திருக்கிறார்கள். 1980-களிலிருந்து பலெர்மோவில் குடியேறிய ஈழத்தமிழர்கள் பல்லாயிரம் பேர். லிபெர்த்தா வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் சமைத்தும் துடைத்தும் முதியோரைப் பார்த்தும் பிழைத்தவர்கள் அவர்களில் ஏராளம். ஊர்களை இணைக்கும் இன்னொன்று கல். பலெர்மோவும் யாழ்ப்பாணமும் சுண்ணாம்புப் பாறையின் மேல் அமர்ந்திருக்கின்றன. சில மாதம் கொட்டி, பல மாதம் மறைந்துவிடும் மழையைத்தான் இரண்டும் நம்பியிருக்கின்றன. அந்த மழையைப் பாறைக்குள் சேர்த்து, பாறை தரும் அளவுக்குள் எடுத்து வாழும் முறையை இரண்டு ஊர் முன்னோரும் கைக்கொண்டிருந்தார்கள். அணை, ஆழ்குழாய், கடல்நீர் ஆலை என்று அடுத்தடுத்துப் பெரியதைத் தேடும் காலத்தில், அந்தச் சிறிய முறைகளின் அறிவியலைப் புரிந்துகொள்வது நமக்கு அவசியம்.

தோப்பு நகரமான கதை

லிபெர்த்தா சாலை 1848 புரட்சி அரசு தொடங்கிய சாலை. அதன் ஓரத்தில் உள்ள ஆங்கிலத் தோட்டத்தைக் கட்டடக் கலைஞர் ஜொவான் பத்திஸ்தா பிலிப்போ பசீலே 1850-களின் தொடக்கத்தில் வடிவமைத்தார். அக்காலத்தில் நகரின் விளிம்பு அதுதான். அதற்கு அப்பால், மலையடிவாரம் வரை எலுமிச்சை, ஆரஞ்சு, மாண்டரின் தோப்புகள். மலைகள் அரைவட்டமாகச் சூழ்ந்த அந்தச் சமவெளிக்குப் பொற்கிண்ணம் என்று பொருள்படும் ‘கொன்கா தோரோ’ என்பது பெயர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1950-களிலும் 60-களிலும் அந்தத் தோப்புகளின் மேல் கான்கிரீட் ஏறியது. அரசியலும் மாஃபியாவும் கைகோத்து நடத்திய அந்தக் கட்டுமான வெறியைப் ‘பலெர்மோவின் சூறையாடல்’ என்றே வரலாறு குறிக்கிறது. லிபெர்த்தா சாலையோர மாளிகைகள் பல இடிக்கப்பட்டன. எர்னெஸ்தோ பசீலே கட்டிய தெலியெல்லா மாளிகையை 1959-ல் தரைமட்டமாக்கினார்கள். கண்ணுக்குத் தெரிந்த இழப்பு மாளிகை. தெரியாத இழப்பு, மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் வழி.

அதன் விலையை நகரம் இரண்டு முனையிலும் கொடுக்கிறது. 2020 ஜூலை 15 அன்று சில மணி நேரத்தில் 130 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, வட்டச்சாலையின் சுரங்கப் பாதைகளில் கார்கள் மூழ்கின. நான்கே ஆண்டுகளில் குழாயில் தண்ணீர் இல்லை. வெள்ளமும் வறட்சியும் ஒரே நோயின் இரண்டு குறிகள். விழும் மழை நிலத்துக்குள் போகாவிட்டால் ஒரு நாள் தெருவில் நிற்கும், மறுநாள் கிணற்றில் இராது.

பம்பு இல்லாத நீர்ச்சுரங்கம்

பலெர்மோவை அரபியர் 831-ல் பிடித்தார்கள். 1072-ல் நார்மானியர் கைக்கு நகரம் மாறியது. அரபியர் காலத்தில் அங்கு வந்த தொழில்நுட்பங்களில் ஒன்று ‘கனாத்’. பாரசீகத்தில் தோன்றி, மொராக்கோ முதல் சீனாவின் மேற்கு எல்லை வரை பரவிய நிலத்தடிக் கால்வாய் அது. நார்மானியர் காலத்திலும் அதன் பின்னும் கூடப் பலெர்மோவில் இதே முறையில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். லிபெர்த்தாவுக்குத் தென்மேற்கே, சமவெளியின் மலையோரப் பக்கத்தில் ‘ஜெசுவித்திகோ ஆல்தோ’ என்ற கனாத் இருக்கிறது. தலைக்கவசமும் விளக்கும் மாட்டி, வழிகாட்டியோடு தண்ணீரில் இறங்கி இன்றும் அதற்குள் நடக்கலாம்.

கனாத்தின் தத்துவம் எளியது, வேலை கடினமானது. முதலில் மலைப்பக்கம் உயர்ந்த இடத்தில் நிலத்தடி நீர்மட்டம் தட்டுப்படும்வரை ஒரு கிணறு தோண்டுவார்கள். இது தாய்க்கிணறு. பிறகு தண்ணீர் வெளியே வரவேண்டிய தாழ்வான இடத்திலிருந்து, தாய்க்கிணற்றை நோக்கி ஒரு சுரங்கத்தைக் குடைவார்கள். நிலத்தின் சரிவைவிடச் சுரங்கத்தின் சரிவு மிகவும் குறைவு. ஆயிரம் மீட்டருக்கு ஓரிரு மீட்டர் இறங்கினால் போதும். சரிவு கூடினால் நீர் வேகம் கொண்டு சுவரை அரிக்கும். குறைந்தால் வண்டல் தேங்கி அடைத்துக்கொள்ளும். வழியெங்கும் இடைவெளி விட்டுச் செங்குத்துத் துளைகள் இருக்கும். வெட்டிய மண் மேலே போகவும், உள்ளே இருப்பவனுக்குக் காற்று இறங்கவும் அவை வழி. நூலும் நீர்மட்டக் கருவியும் எண்ணெய் விளக்கும் கொண்டு, குனிந்த உடம்போடு இந்தச் சரிவைப் பிசகாமல் பிடித்தவர்களின் கைத்திறனை இன்றைய நில அளவைப் பொறியாளர்களும் வியக்கிறார்கள்.

பலெர்மோவில் அவர்களுக்குக் கல்லும் உதவியது. சமவெளியின் அடியில் இருப்பது கடல் உயிரிகளின் ஓடுகள் நொறுங்கி இறுகிய மஞ்சள் நிறச் சுண்ணமணற்கல். கைக் கோடரிக்கு இசையும் மென்மை. தாங்குசுவர் இல்லாமலே நிற்கும் உறுதி. நுண்துளைகள் நிறைந்த இந்தக் கல், சுற்றியுள்ள சுண்ணாம்பு மலைகளில் குளிர்காலத்தில் இறங்கும் மழையை ஏந்தி வைத்து, கோடை முழுதும் கசியவிடுகிறது.

கனாத்தின் அருமை மின்சாரம் வேண்டாம் என்பதோடு முடிவதில்லை. பாறையில் நீர்மட்டம் உயர்ந்தால் கனாத்தில் ஓட்டம் கூடும். மட்டம் இறங்கினால் ஓட்டமும் தானே குறையும். சுரங்கத்தின் தரைக்குக் கீழே உள்ள நீரை அது தொடவே முடியாது. நிலம் எவ்வளவு தருகிறதோ அவ்வளவுதான் கிடைக்கும். ஆழ்குழாய்க்கு இந்தத் தடை கிடையாது. மட்டம் இறங்க இறங்க மோட்டாரையும் இறக்கிக்கொண்டே போகலாம். நூறாண்டு மழையில் சேர்ந்ததைச் சில ஆண்டுகளில் காலி செய்யலாம். செய்தும் வருகிறோம்.

இந்த அறிவு நமக்கும் அந்நியமானதல்ல. கேரளத்தின் காசர்கோட்டில் செம்புறாங்கல் குன்றுகளைக் கிடைமட்டமாகக் குடைந்து, வீட்டுக்கும் பாக்குத் தோட்டத்துக்கும் நீர் எடுக்கும் ‘சுரங்கம்’ இன்றும் புழக்கத்தில் உள்ளது. மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூரில் முகலாயர் காலத்தில் தோண்டிய நிலத்தடிக் கால்வாய் இன்னும் இருக்கிறது. ஈரானின் 11 கனாத்துகளை யுனெஸ்கோ 2016-ல் உலக மரபுச் சின்னமாக்கியது.

ஒரு லிட்டர் நீரின் குளிர்ச்சி

சிசிலிக் கோடையில் சகாராவிலிருந்து வீசும் அனல்காற்றுக்குச் ‘சிரொக்கோ’ என்று பெயர். தீவின் கிழக்கே சிரக்கூசாப் பகுதியில் 2021 ஆகஸ்ட் 11 அன்று பதிவான 48.8 டிகிரி செல்சியஸ்தான் ஐரோப்பாவின் உச்ச வெப்பம் என்று உலக வானிலை அமைப்பு உறுதிசெய்துள்ளது. அந்த வெக்கையைத் தணிக்கப் பலெர்மோ செல்வந்தர் மாளிகைகளில் ‘சிரொக்கோ அறை’ அமைத்தார்கள். பாறையைக் குடைந்து நிலத்தடியில் ஓர் அறை. கனாத்தின் நீர் அதன் வழியாக ஓடும். சூடான காற்று வெளியேற மேலே ஒரு துளை. ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கும் பாறையும், ஆவியாகும் நீரும், மேலெழும் காற்றோட்டமும் சேர்ந்து அறையைக் குளிர வைத்தன. 12-ஆம் நூற்றாண்டில் நார்மானிய மன்னர்கள் கட்டிய சீசா அரண்மனையின் நடுக்கூடத்திலும் இதே தந்திரம். சுவரிலிருந்து விழும் ஊற்று, சாய்ந்த பளிங்குப் பலகையில் மெல்லிய படலமாகப் பரவி, தரைக் கால்வாய் வழியே வெளியில் இருந்த குளத்துக்குப் போனது.

பலகை ஏன் சாய்வு, நீர் ஏன் படலம்? பரப்பு கூடினால் ஆவியாதல் கூடும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து உறிஞ்சும் வெப்பம் ஏறத்தாழ 0.68 யூனிட் (கிலோவாட்-மணி). அதே வெப்பத்தை ஒரு நல்ல ஏ.சி. வெளியேற்றக் கால் யூனிட் அளவு மின்சாரம் வேண்டும். அது அந்த வெப்பத்தைத் தெருவில்தான் கொட்டும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் இந்த முறை சோர்ந்துபோகும் என்பது உண்மை. சிரொக்கோ வறண்டு வீசும் நாளில் இது கைகொடுக்கும். ஸ்பெயினின் செவில் நகரில், 1992 உலகக் கண்காட்சி நடந்த கார்த்துஹா தீவில், ஐரோப்பிய ஒன்றிய நிதியோடு ‘கார்த்துஹா கனாத்’ என்ற திட்டத்தில் இந்தப் பழைய முறையைச் சூரிய மின்சாரத்தோடு இணைத்துப் பொதுவிடங்களைக் குளிர்வித்திருக்கிறார்கள்.

தோப்புக்குப் பாய்ந்த நீர்

கனாத்திலிருந்தும் ஊற்றிலிருந்தும் வந்த நீரைத் தோப்பில் ‘ஜேபியா’ என்ற தொட்டியில் தேக்கினார்கள். அங்கிருந்து ‘சாயா’ என்ற குறுகிய வாய்க்கால்கள் வழியே மரத்தடிப் பாத்திகளுக்கு மடை திறந்து விட்டார்கள். நம் தோட்டத்தில் கிணற்றடித் தொட்டியும் வாய்க்காலும் செய்த அதே வேலை. தீவின் தெற்கே அக்ரிஜெந்தோவின் கோயில் பள்ளத்தாக்கில் உள்ள கொலிம்பேத்ரா தோட்டத்தில் இந்த முறை இன்னும் உயிரோடிருக்கிறது. பாழடைந்து கிடந்த அந்த ஐந்து ஹெக்டேர் தோட்டத்தை இத்தாலியச் சுற்றுச்சூழல் அறக்கட்டளையான ‘ஃபாய்’ 1999-ல் பொறுப்பேற்று மீட்டது. கிரேக்கர் காலத்துச் சுரங்கங்களிலிருந்து கசியும் நீரே அங்குள்ள ஆரஞ்சு மரங்களுக்குப் பாய்கிறது.

நீரே இல்லாத இடத்துக்கும் தீவுக்காரர்கள் வழி கண்டார்கள். சிசிலிக்கும் துனீசியாவுக்கும் இடையே உள்ள பந்தெல்லேரியாவில், எரிமலைக் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கி உயரமான வட்டச் சுவர் எழுப்பி, உள்ளே ஒரே ஒரு ஆரஞ்சு மரமோ எலுமிச்சை மரமோ வளர்ப்பார்கள். காற்று மரத்தைத் தொடாது. நிழலால் மண் உலராது. இரவில் குளிரும் கல்லில் பனிநீர் கட்டும். பாசனமில்லாமலே மரம் காய்க்கும்.

மடை யார் கையில்?

பழையதெல்லாம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. கொன்கா தோரோவின் தோப்புகளுக்கு நீர் பங்கிட்ட ஆளுக்கு ‘ஃபொந்தனியேரே’ என்று பெயர். நம் ஏரிக்கரைகளில் நீர்க்கட்டி செய்த வேலை அவருடையது. கப்பலோட்டிகளின் ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சை மருந்து என்று தெரிந்தபின், 19-ஆம் நூற்றாண்டில் பலெர்மோ எலுமிச்சைக்கு உலகச் சந்தையில் பெரும் விலை கிடைத்தது. கோடையில் சில நாள் நீர் நின்றாலும் தோப்புக்காரர் நட்டப்பட்டுவிடுவார். அந்தப் பயத்தின் மேல்தான் மாஃபியா வளர்ந்தது. தோப்புக் காவலும் நீர்ப் பங்கீடும் அதன் கைக்குப் போயின. எலுமிச்சை விளைந்த ஊர்களுக்கும் மாஃபியா தலையெடுத்த ஊர்களுக்கும் உள்ள தொடர்பை 2017-ல் வெளியான ஒரு பொருளாதார வரலாற்று ஆய்வு புள்ளிவிவரத்தோடு காட்டியிருக்கிறது.

சிறியது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. பெரியது என்பதாலேயே கெட்டதாகிவிடுவதும் இல்லை. இதற்குச் சாட்சி பலெர்மோவுக்கு மேற்கே உள்ள பார்த்தினிக்கோ. சிசிலியின் காந்தி என்று அழைக்கப்பட்ட தனீலோ தோல்சி, 1952-ல் அருகிலுள்ள திரப்பேத்தோ என்ற ஏழை மீனவ ஊருக்கு வந்தார். மக்களைத் திரட்டி உண்ணாநோன்பு இருந்தார். 1956-ல், வேலையற்றவர்களைக் கூட்டிப்போய் பாழடைந்த பொதுச் சாலையைக் கூலி இல்லாமல் செப்பனிட்டதற்காகக் கைதானார். குளிர்காலத்தில் வீணே கடலுக்குப் போகும் யாத்தோ ஆற்று நீரைத் தேக்க அணை கேட்டு 1962-ல் மீண்டும் நோன்பிருந்தார். அடுத்த ஆண்டே பணி தொடங்கியது. போமா நீர்த்தேக்கம் பிறந்த கதை இது. அணை வந்தால் மட்டும் போதாது, அதன் நீர் உழவர்களின் கூட்டுறவுக் கையில் இருக்கவேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். கிணற்று நீரை வைத்து ஊரை அடக்கியவர்களின் பிடி அதனால்தான் தளர்ந்தது.

ஆக, கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. இந்தத் திட்டம் இயற்கை தரும் அளவுக்குள் நிற்கிறதா? அதன் மடை, அதைப் பயன்படுத்தும் மக்கள் கையில் இருக்கிறதா?

யாழ்ப்பாணத்து நன்னீர் வில்லை

வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத யாழ் குடாநாட்டில் மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, பாறையில் ஊடுருவியிருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் சுமார் 2.5 விழுக்காடு அடர்த்தி மிகுந்தது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இரு ஐரோப்பிய அறிஞர்களின் பெயரால் வழங்கும் விதி. திருப்பிப் போட்டால் அதுவே எச்சரிக்கை: மேலே அரை மீட்டர் இறைத்துக் குறைத்தால், கீழே உப்பு நீர் 20 மீட்டர் மேலேறிவிடும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இந்த விதியின் கண்கண்ட உருவம்.

துலா மிதித்து இறைத்த காலத்தில், மனித உடம்பின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. பங்குக் கிணறுகளில் இன்னாருக்கு இன்ன நாள் இறைப்பு முறை என்று உறுதியிலேயே எழுதி வைத்தார்கள். கேணிகளும் குளங்களும் மாரி மழையைப் பிடித்துப் பாறைக்கு ஊட்டின. இறைப்பு மெசின் வந்ததும் அந்தக் காவல் போயிற்று. குளங்கள் தூர்ந்தன, கரையோரக் கிணறுகள் உவராயின, அளவுக்கு மிஞ்சிய உரத்தால் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியது.

இந்த நிலையில்தான் கடல்நீர் ஆலை தீர்வாக வருகிறது. ஒரு கன மீட்டர் கடல்நீரை நன்னீராக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். தாளையடி ஆலை முழு அளவில் இயங்கினால் நாளொன்றுக்கு 70,000 யூனிட்டுக்கு மேல் செலவாகும் என்பது இதிலிருந்து கிடைக்கும் கணக்கு. சிசிலியிலும் போர்த்தோ எம்பேதொக்லே, ஜேலா, திராப்பனி ஆகிய மூன்று ஊர்களில் 2025-ல் இத்தகைய ஆலைகளைக் கொண்டுவந்தார்கள். அந்த ஊர்களில் முன்பு இருந்த ஆலைகள் பல ஆண்டுகளாக மூடிக் கிடந்தன. தாகத்தில் தவிக்கும் ஊருக்கு ஆலை நீர் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் சிசிலியின் குடிநீர்க் குழாய்களில் விடும் நீரில் பாதிக்கு மேல் வழியிலேயே தொலைந்துபோகிறது என்று இத்தாலியப் புள்ளிவிவர நிறுவனம் 2022-ஆம் ஆண்டுக்குக் கணக்குச் சொல்கிறது. ஒழுகும் குழாயில் விலையுயர்ந்த நீரை ஊற்றுவதற்கு முன் ஒழுகலை அடைப்பதுதான் முறை. ஆலைக்கு ஆகும் மின்சாரம் அதற்கு ஆகாது. உப்புக் கழிவைக் கடலில் கொட்டவும் வேண்டியதில்லை.

மொட்டைமாடிக் கணக்கு

லிபெர்த்தாவின் ஒரு அடுக்குமாடியை எடுத்துக்கொள்வோம். 300 சதுர மீட்டர் மாடி, பத்துக் குடும்பங்கள். பலெர்மோவின் ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர் என்று வைத்தால், மாடியில் விழுவது 180 கன மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் குடும்பத்துக்கு 14,400 லிட்டர் சேரும். மூவர் உள்ள வீட்டில் கழிப்பறைக்கு மட்டும் நாளுக்கு 90 லிட்டர் என்றால் 160 நாளுக்குக் காணும். குழாய் நீர் ஒழுங்காக வராததால் பலெர்மோ வீடுகளில் சேமிப்புத் தொட்டியும் அழுத்த மோட்டாரும் ஏற்கெனவே உண்டு. மழைக்கும் ஒரு தொட்டி சேர்ப்பது பெரிய காரியமல்ல. யாழ்ப்பாணத்தில் மழை இதைப்போல இரண்டு மடங்கு. 150 சதுர மீட்டர் கூரையிலேயே அந்த 180 கன மீட்டரும் கிடைத்துவிடும்.

அதே மாடியில் மூன்றில் ஒரு பங்கில் 20 கிலோவாட் சூரியத் தகடுகள் பதிக்கலாம். பலெர்மோ வெயிலில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்குச் சுமார் 1,500 யூனிட் தரும். மொத்தம் 30,000 யூனிட். சராசரி இத்தாலியக் குடும்பம் ஆண்டுக்கு 2,700 யூனிட் செலவிடுகிறது என்று கொண்டால் பத்து வீட்டுக்கு 27,000. பகலில் விளையும் மின்சாரத்தை இரவுக்குக் கடத்தும் சிக்கல் உண்டு என்றாலும், கட்டடத்தின் ஆண்டுத் தேவையை மாடியே விளைவிக்கும்.

இதற்குச் சட்டமும் இடம் தந்திருக்கிறது. ஒரே கட்டடத்தவர் மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ள 2020 முதல் இத்தாலியில் அனுமதி உண்டு. ஒரே துணைமின் நிலையத்தின் கீழ் உள்ளவர்கள், ஒரு மெகாவாட் வரையிலான நிலையங்கள் அமைத்துக் கூடும் ‘எரிசக்திச் சமூகங்களுக்கு’ 2024 ஜனவரியில் ஊக்கத்தொகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. சிரக்கூசா மாகாணத்தின் ஃபெர்லா என்ற சிற்றூர், பெரிய நகரங்களுக்கு முன்பே 2021-ல் சிசிலிக்கு இதில் வழிகாட்டியது. நேப்பிள்ஸின் ஏழைப் பேட்டையான சான் ஜொவான்னி ஆ தெதூச்சோவில் ஓர் அறக்கட்டளையின் கூரையில் விளையும் மின்சாரத்தின் பலன் அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்குப் போகிறது. நம் ஊரிலும் முன்மாதிரி இருக்கிறது. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-லேயே 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக நிறுவி, மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது.

பலெர்மோவில் வாழும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. எரிசக்திச் சமூகத்தில் உறுப்பினராகச் சொந்த வீடோ சொந்தத் தகடோ தேவையில்லை. உங்கள் பெயரில் மின் இணைப்பு இருந்தால் வாடகை வீட்டிலிருந்தே சேரலாம். உங்கள் வீதி எந்தத் துணைமின் நிலையத்தின் கீழ் வருகிறது என்று இத்தாலிய அரசின் எரிசக்திச் சேவை நிறுவனமான ஜி.எஸ்.இ.யின் இணைய வரைபடத்தில் பாருங்கள். அருகில் சமூகம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சங்கத்திலும் கோயிலிலும் பேசித் தொடங்குங்கள். ஊருக்குப் பணம் அனுப்பும்போது, மதிலுக்கும் மாடிக்கும் ஒதுக்குவதில் ஒரு பங்கைக் கூரை நீர்த்தொட்டிக்கும் ஊர்க்குளத்தைத் தூர்வாரவும் ஒதுக்குங்கள். ஊரில் இருப்பவர்கள், தம் கிணற்று நீரின் உவரையும் நைத்திரேற்றையும் ஆண்டுக்கு இருமுறையாவது சோதித்துப் பாருங்கள்.

பெரிய திட்டங்களுக்கு அரசு முடிவெடுக்கவேண்டும், கடன் கிடைக்கவேண்டும், ஆண்டுகள் போகவேண்டும். தொட்டிக்கும் தகட்டுக்கும் குளத்துக்கும் பக்கத்து வீட்டாரின் சம்மதம் போதும். அடுத்த மாரிக்கு முன் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெறுவது நம் வேலை.